தோற்ற வாரத்து வடை

நெடுஞ்செழியனுக்கு முடிவு தெரியாத எதுவும் பிடிக்காது. கடைசியில் யார் சாகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் சினிமாவுக்கு டிக்கெட் எடுப்பான். கிரிக்கெட் மேட்சை மறுநாள்தான் பார்ப்பான், அதுவும் இந்தியா ஜெயித்துவிட்டது என்பது உறுதியான பிறகு, காலை நீட்டிக்கொண்டு. யாமினியைப் பெண் பார்க்கப் போனபோதுகூட, அவர்கள் வீட்டில் சம்மதம்தான் என்பதைத் தரகரிடம் முன்கூட்டியே கறந்துவிட்டு, அங்கே போய் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பஜ்ஜி தின்றான். இப்படிப்பட்ட ஆளை அமெரிக்கா பதினோரு வருடமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்க வைத்திருந்தது. அப்பா ஈரோட்டில் பெயர்பெற்ற கருஞ்சட்டைக்காரர். அதனால் கடவுளைத் திட்டவும் வழியில்லை.

டெக்ஸஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில், கார் பிரேக்குக்கு சென்சார் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனியில் அவன் மேனேஜர். அங்கே இன்னொரு மேனேஜர் அன்வர் பாட்சா, ஆம்பூர்க்காரன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே விசா, ஒரே வரிசை. பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து ஒரு மெயில் வந்தது. டிசம்பருக்குள் இரண்டு டீமையும் ஒன்றாக்கப் போகிறார்கள், ஒரு மேனேஜர் போதும். அது யார் என்பதை இங்கே தலைவராக இருக்கும் மொரிகாவா முடிவு செய்துவிட்டு, ஊர் திரும்பி ஓய்வு பெறுவார்.

எச்-ஒன் விசாவில் இருப்பவனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். வேலை போன நாளிலிருந்து அறுபது நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்கவில்லை என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மகள் வெண்பா பதினோராம் வகுப்பு. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அவளை ஈரோட்டில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று யோசித்ததிலேயே நெடுஞ்செழியனுக்கு இரண்டு கிலோ குறைந்துவிட்டது.

மொரிகாவாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தரக்கட்டுப்பாட்டில் ஊறிய மனிதர். மனைவி ஜப்பானில் இருந்தார், இவர் இங்கே தனி. இந்த உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே பலவீனம் மிசாவுரா எஃப்.சி. மிசாவுரா என்பது நெத்திலி காயப்போடும் ஒரு சின்னக் கடற்கரை ஊர். அந்த ஊரின் கால்பந்து அணி ஜப்பானின் மூன்றாம் டிவிஷனில் ஆடியது. ஆடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பெரும்பாலும் தோற்றது. இருபது அணிகள், ஆளுக்கு முப்பத்தெட்டு ஆட்டம், கடைசியில் நிற்பவன் கீழே போக வேண்டும். அதற்குக் கீழே போனால் டி.வி.யில்கூடக் காட்ட மாட்டார்கள்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மொரிகாவா இருவரிடமும் தன் அணியின் வீடியோ ஒன்றைக் காட்டி, எப்படி என்று கேட்டார். அன்வர் வாணியம்பாடி கல்லூரிக்கு லெஃப்ட் பேக் ஆடியவன். நாலு நிமிடம் உற்றுப் பார்த்தான்.

"சார், டிஃபென்ஸ் ரொம்ப வீக். இப்படியே ஆடுனா இந்த வருஷம் கீழ போயிடும்" என்றான்.

கால்பந்தில் பந்து ஒன்று உண்டு என்பதோடு நெடுஞ்செழியனுடைய அறிவு முடிந்துவிடும். அவன் இரு கையையும் கூப்பினான்.

"மிசாவுராவா! சார், என் ஃபேவரைட் டீம்!"

காக்கா பிடிப்பதற்குக் கல்லூரிகளில் பட்டம் கொடுப்பதில்லையே தவிர, கொடுத்திருந்தால் இவனுக்குத் தங்க மெடல் வந்திருக்கும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்து பார்க்கும்படி மொரிகாவா அழைத்தார். அன்வரை அழைக்கவில்லை.

அழைப்போடு ஒரு நிபந்தனையும் வந்தது. ஜப்பானில் சனிக்கிழமை மதியம் நடக்கும் ஆட்டம் டெக்ஸஸில் வெள்ளிக்கிழமை நள்ளிரவு. மொரிகாவாவுக்கு ரத்த அழுத்தம் இருந்ததால் கண் விழிக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் மறுநாள் காலைதான் ரெக்கார்டிங்கைப் பார்ப்பார். அதுவரை யாரும் ஸ்கோரைப் பார்க்கக்கூடாது, பார்த்தாலும் வாயைத் திறக்கக்கூடாது.

"முடிவு தெரியாமல் பார்க்க வேண்டும், நெடு-சான். அதுதான் ஆட்டம்" என்றார். அவர் பேசிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ அப்படித்தான் வரும். சான் என்பது ஜப்பான்காரர்கள் பெயரோடு ஒட்டும் மரியாதை.

சனிக்கிழமை கிளம்பும்போது யாமினி ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கையில் கொடுத்தாள். அவள் வாராவாரம் சனிக்கிழமை ஃபிரிஸ்கோ ஹனுமான் கோவிலுக்குப் போவாள். விடியற்காலையில் எழுந்து, உளுந்தை நறநறவென்று அரைத்து, மிளகு தட்டிப் போட்டு, தட்டையாகத் தட்டி, முறுகலாக வடை சுட்டு எடுத்துப் போய்ப் படைத்துவிட்டு வருவாள். நெடுஞ்செழியன் அவளுக்கு டிரைவர் என்ற முறையில் கார் பார்க்கிங் வரை போவான். உள்ளே போனதில்லை. கொள்கை.

"முதல் தடவை ஒருத்தர் வீட்டுக்குப் போறீங்க, வெறுங்கையோடயா போவாங்க? இதைக் கொண்டு போங்க" என்றாள்.

வழியில் சிவப்பு விளக்கு விழுந்தது. நெடுஞ்செழியனின் கட்டைவிரல் அவனைக் கேட்காமலே போனில் ஸ்கோரைத் தேடியது. மிசாவுரா இரண்டு, எதிரணி ஒன்று. அப்பாடா என்று மூச்சு விட்டான். இனி நிம்மதியாகப் பார்க்கலாம்.

எண்பதாவது நிமிடத்தில் மிசாவுரா ஒரு கோல் பின்தங்கியிருந்தது. மொரிகாவா சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நெடுஞ்செழியன் மெல்ல டப்பாவைத் திறந்தான்.

"கவலைப்படாதீங்க மொரிகாவா-சான். இது எங்க ஹனுமான் கோவில் வடை. உங்க டீமுக்காக வேண்டிக்கிட்டு வந்தேன். பாருங்க, டூ ஒன்."

மொரிகாவா ஒரு வடையை எடுத்துக் கடித்தார். எண்பத்தாறில் ஒரு கோல், தொண்ணூறில் ஒரு கோல். மொரிகாவா வடையைப் பார்த்தார், நெடுஞ்செழியனைப் பார்த்தார், மறுபடியும் வடையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று இடுப்பு வரை வளைந்து வணங்கினார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் கேட்டிருக்கிறோம். இங்கே பனம்பழம் விழுந்த பிறகு காக்கை வந்து உட்கார்ந்து பெயர் வாங்கிக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை யாமினி வழக்கம்போல டப்பாவை நீட்டினாள். சிவப்பு விளக்கில் பார்த்தான். சைபருக்கு நாலு. தோல்வி என்றால் அப்படி இப்படித் தோல்வி இல்லை. இன்றைக்கும் வடையோடு போனால் ஹனுமானின் பெயர் என்னாவது? கடவுள் மறுப்பாளரின் மகன் ஹனுமானின் நற்பெயருக்காகக் கவலைப்பட்ட முதல் சனிக்கிழமை அது. மளிகைக் கடை பார்க்கிங்கில் காரை நிறுத்தி, பிரசாதத்தைத் தூக்கிப் போடவும் மனம் வராமல், பன்னிரண்டு வடையையும் தானே தின்றான்.

"இன்னைக்கு வடை இல்லையா?" என்று மொரிகாவா கேட்டார்.

"வொய்ஃபுக்கு காய்ச்சல் சார். கோவிலுக்குப் போக முடியல."

திங்கட்கிழமை அவன் மேஜையில் ஒரு பெட்டி நிறைய ஜப்பான் பேரிக்காய் இருந்தது. திருமதி யாமினி விரைவில் குணமடைய வேண்டும் என்று ஒரு அட்டை. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழத்தை ஆபீஸில் கொடுத்தார்கள் என்று வீட்டில் சொன்னான். அதில் பொய் ஒன்றும் இல்லைதானே.

அதன் பிறகு அந்த ஏற்பாடு அப்படியே ஓடத் தொடங்கியது. ஜெயித்த வாரம் வடை. டிரா என்றால் யாமினி கொண்டுவந்து வைத்திருக்கும் செந்தூரம் மட்டும், ஒரு சின்னப் பொட்டலத்தில். தோற்ற வாரம் யாமினிக்கு உடம்பு சரியில்லை. டெக்ஸஸ் மகரந்த அலர்ஜி, ஒற்றைத் தலைவலி, கால் சுளுக்கு, ஞானப்பல் இரண்டு தடவை. தெய்வாதீனமாக அவள் ஒரு தும்மல்கூட இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தாள். மிசாவுரா அடிக்கடி தோற்கும் அணியாதலால் கார் பார்க்கிங் வடைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஆகஸ்டில் ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், உங்கள் கொலஸ்ட்ரால் ஏன் இப்படித் தாவுகிறது என்று கேட்டார். "ஹனுமான், டாக்டர்" என்று சொல்ல முடியுமா?

ஆபீஸிலும் அவனுடைய நடைமுறை இதேதான். வாராவாரம் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ஒரு நிறம் காட்ட வேண்டும். எல்லாம் சரியென்றால் பச்சை, சிக்கல் என்றால் சிவப்பு. நெடுஞ்செழியன் பொறுப்பிலிருந்த பிரேக் டெஸ்டிங் ப்ராஜெக்ட் ஆறு வாரம் பின்தங்கியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியும். பச்சை காட்டினான். கடைசி மாதத்தில் நாலு பேரைத் தூங்க விடாமல் வேலை வாங்கிச் சரிக்கட்டிவிடலாம் என்பது கணக்கு. அன்வரோ ஒரு ஸ்க்ரூ கழன்றாலும் சிவப்பு காட்டுவான். மீட்டிங்கில் அவன் பக்கம் வரும்போதெல்லாம் திரை ரத்தக்களரியாக இருக்கும்.

"டேய் அன்வர், கொஞ்சமாவது பச்சை போடுடா. உனக்கு நீயே குழி தோண்டிக்கிற" என்று நெடுஞ்செழியன் ஒரு தடவை உண்மையான அக்கறையோடு சொன்னான்.

"இருக்கறதைத்தானே மச்சி போட முடியும்" என்றான் அன்வர்.

பாவம், பிழைக்கத் தெரியாதவன் என்று நெடுஞ்செழியன் நினைத்துக்கொண்டான்.

இதற்கிடையில் அவனுக்கே தெரியாமல் ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. முப்பத்தைந்து வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கல்லின் மேலும் கொஞ்சம் பாசி பிடிக்கத்தானே செய்யும். கோல்கீப்பருக்கு முப்பத்தொன்பது வயது, பந்து வலப்பக்கம் வந்தால் முட்டி மடங்காது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பதினாலாம் நம்பர்க்காரன் காலையில் தோஃபு என்கிற சோயா பனீர் கடையில் வேலை பார்த்துவிட்டு மதியம் ஆட வருபவன், ஓடும்போது இடது தோள் சாயும். அந்தத் தோள் சாய்ந்தால் நெடுஞ்செழியனும் சோபாவில் இடப்பக்கம் சாய்ந்தான். தோற்கப் போகிறது என்று தெரிந்தே பார்க்கும் ஆட்டத்தில்கூட, இப்போதெல்லாம் எழுபது நிமிடத்துக்கு மேல் அவன் சோபாவின் நுனிக்கு வந்துவிடுவான்.

முப்பத்தேழு ஆட்டம் முடிந்தது. கடைசி ஆட்டம் மீதி. ஜெயித்தால் மூன்றாம் டிவிஷன், இல்லையென்றால் கீழே. அந்தத் திங்கட்கிழமை மொரிகாவா இருவரையும் மீட்டிங் அறைக்கு அழைத்து, திரையில் ஒரு அட்டவணையைப் போட்டார். வடை வந்த நாள் ஒன்பது, வெற்றி ஒன்பது. செந்தூரம் எட்டு, டிரா எட்டு. ஒன்றும் வராத நாள் பதினெட்டு, தோல்வி பதினெட்டு.

"நாற்பது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான டேட்டாவைப் பார்த்ததில்லை" என்றார்.

மொரிகாவா பேனாவைத் திறந்து, அந்தக் கம்பெனியின் வழக்கப்படி ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டுப் பலகையில் எழுதத் தொடங்கினார்.

"ஏன் தோற்றோம்? வடை இல்லை. ஏன் வடை இல்லை? திருமதி யாமினிக்கு உடம்பு சரியில்லை. ஏன் அவருக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகிறது?"

"அது வந்து சார்... டெக்ஸஸ் வெதர்."

"ஏன் வடைக்கு ஒரே ஒரு ஆளை நம்பியிருக்கிறோம்? ஏன் பேக்கப் இல்லை?" அவர் அன்வர் பக்கம் திரும்பினார். "கடைசி ஆட்டத்துக்கு நானும் கோவிலுக்கு வருகிறேன். நூற்றெட்டு வடை. நெடு-சான் பொறுப்பு. அன்வர்-சான் பேக்கப்."

வெளியே வந்ததும் அன்வர் அவன் சட்டையைப் பிடித்துக் காபி மெஷின் பக்கம் இழுத்துப் போனான்.

"டேய் நெடு, என்னடா இது? ஒரு முஸல்மானை வடைக்கு பேக்கப் போட்ட கம்பெனி உலகத்துலயே இதுவாத்தான்டா இருக்கும். வீட்டுல என் வொய்ஃப் மஹ்பூபாகிட்ட சொன்னா ஒரு வாரம் சிரிப்பா."

"விளையாடாத அன்வர்."

"உனக்கு முன்னாடியே ஸ்கோர் தெரியும். கரெக்டா?"

நெடுஞ்செழியன் காபி மெஷினின் பட்டனை அழுத்தினான்.

"பதினெட்டுக்குப் பதினெட்டுடா. ஹனுமான்ஜீகூட ஒண்ணு ரெண்டு விட்டுக் கொடுத்திருப்பாரு. போய் அவர்கிட்ட சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன், அது உன் வேலை."

அவன் சொல்லவில்லை. சொல்வதற்குத்தான் இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சமையலறை முழுக்க எண்ணெய் மணம். யாமினி நூற்றெட்டாவது வடையை எடுத்து நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். நெடுஞ்செழியன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆட்டம் முடிந்து ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. முடிவு ஒரு தொடுதலில் தெரிந்துவிடும். கட்டைவிரல் போய்த் தொடவில்லை. பயமாக இருந்தது. வேலைக்கான பயம் மட்டும் என்றால் அவன் பார்த்திருப்பான், பார்த்துவிட்டு ஒரு பொய்யைத் தயார் செய்திருப்பான். இது வேறு. அந்தக் கோல்கீப்பர், அந்தத் தோஃபு கடைக்காரன், அந்த உருப்படாத அணி ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கு மனசார ஆசையாக இருந்தது. போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

கோவில் வாசலில் மொரிகாவா கோட்டு சூட்டு போட்டு, கழுத்தில் அணியின் சின்னமான வெள்ளி நெத்திலி போட்ட துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். அன்வர் பார்க்கிங்கில் கார் மேல் சாய்ந்து, ஸ்டாண்ட்-பையில் இருந்தான். நூற்றெட்டு வடையும் பத்திரமாக வந்திறங்கியதைப் பார்த்துவிட்டு, "பேக்கப் தேவைப்படல. உஸைருக்கு கேம் இருக்கு, நான் கிளம்புறேன்" என்று மகனின் ஆட்டத்துக்குப் போய்விட்டான்.

மொரிகாவா யாமினியைப் பார்த்ததும் குனிந்து வணங்கினார்.

"உங்கள் ஞானப்பல் இப்போது எப்படி இருக்கிறது?"

"என் பல்லா?"

"கால் சுளுக்கு? ஒற்றைத் தலைவலி? பேரிக்காய் சாப்பிட்டீர்களா? பதினெட்டு பெட்டி அனுப்பினேன்."

யாமினி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க நான் விரும்பவில்லை, திருமணமானவர்களுக்குத் தெரியும். "இப்ப பரவாயில்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இருபது வருடக் கொள்கையை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு நெடுஞ்செழியனும் உள்ளே போனான். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். பெயர் மிசாவுரா எஃப்.சி. நட்சத்திரத்துக்கு மொரிகாவா அணி தொடங்கிய தேதியைச் சொன்னார். அர்ச்சகர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இந்த ஊரில் அவர் புதுக் காருக்கும் புது வீட்டுக்கும் எத்தனையோ சங்கல்பம் செய்தவர். போனில் தட்டிப் பார்த்து அனுஷம் என்றார். கோத்திரம் தெரியாதவர்களுக்கெல்லாம் காச்யபர் இருக்கவே இருக்கிறார். காச்யப கோத்திரத்தில், அனுஷ நட்சத்திரத்தில் பிறந்த மிசாவுரா எஃப்.சி.யின் க்ஷேம ஸ்தைர்ய விஜயத்துக்காக மந்திரம் கணீரென்று ஒலித்தது.

நெடுஞ்செழியன் கண்ணை மூடிக்கொண்டான். எப்படி வேண்டுவது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. 'ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் உன்கிட்ட எதுவுமே கேட்க மாட்டேன்' என்று மனசுக்குள் சொன்னான். ஏழு மணி நேரத்துக்கு முன்பே முடிந்து, விளக்கை அணைத்து, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட ஒரு ஆட்டத்துக்காக அவன் வேண்டினான். அவனுடைய அப்பா பார்த்திருந்தால் இரண்டு காரணங்களுக்காக அடித்திருப்பார்.

ஒன்பது மணிக்கு மொரிகாவா வீட்டில் ஆட்டம் தொடங்கியது. நெடுஞ்செழியன் ஒரு வடையைக் கையில் எடுத்தான், அதைக் கடிக்கவே இல்லை. அறுபதாவது நிமிடத்தில் எதிரணி ஒரு கோல். எழுபத்தெட்டில் பதினாலாம் நம்பர்க்காரன் இடது தோளைச் சாய்த்து ஓடி வந்து ஒரு கோல். நெடுஞ்செழியன் சோபாவில் ஏறி நின்று, ஈரோட்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோஷமாகக் கத்தினான். தொண்ணூற்றிரண்டில் அதே ஆள் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. திரும்பிய பந்தை எடுத்துக்கொண்டு எதிரணி மறுமுனைக்கு ஓடியது. கோல்கீப்பரின் வலப்பக்கம். முட்டி மடங்கவில்லை.

ஒன்றுக்கு இரண்டு. நெடுஞ்செழியன் கையிலிருந்த வடை எப்போதோ நொறுங்கியிருந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான், அதை மறைக்கவும் இல்லை.

"நான் ஸ்கோர் பார்க்கல சார்" என்று தேம்பினான். "சத்தியமா இன்னைக்குப் பார்க்கல."

"தெரியும்" என்றார் மொரிகாவா. டி.வி.யை அணைத்தார். "எனக்கு ஸ்கோர் காலை ஆறு மணிக்கே தெரியும்."

"இன்னைக்கா?"

"எல்லா வாரமும். என் அக்கா மிசாவுராவில் நெத்திலி காயப்போடுகிறாள். மைதானத்துக்குப் போய்விட்டு வந்து எனக்கு போன் செய்வாள். சிரித்தால் வெற்றி, மூக்கைச் சிந்தினால் தோல்வி. வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டாள்."

நெடுஞ்செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். முடிவு தெரிந்த இரண்டு பேர், தெரியாதது போல ஒருவருக்கொருவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டும் துள்ளிக் குதித்துக்கொண்டும், முப்பத்தைந்து சனிக்கிழமை ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"அப்புறம் ஏன் சார் அந்த ரூல்?"

"தோற்றுவிட்டோம் என்று தெரிந்துகொண்டு தனியாகப் பார்ப்பது கஷ்டம், நெடு-சான். பக்கத்தில் தெரியாத ஒருவர் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தால், எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வரும். அதற்காகத்தான் அழைத்தேன். இரண்டாவது வாரமே புரிந்துவிட்டது, உங்களுக்கும் தெரியும் என்று. உங்கள் சட்டையில் வடைத்தூள் இருந்தது." அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "அன்றிலிருந்து ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருந்தேன். என்றைக்காவது ஒருநாள் தோற்ற வாரத்தில் இந்த மனிதர் வடையோடு வருவார் என்று. அந்த வாரத்தையும் சேர்த்துப் பதினெட்டு தடவை வரவில்லை. உங்கள் ப்ராஜெக்ட் பச்சையும் அப்படித்தான். எனக்குத் தெரியும்."

"சார், இன்னைக்கு வந்தேனே..."

"இன்று வந்தீர்கள். இந்த வருடத்திலேயே நல்ல ஆட்டம் இதுதான். நன்றி." மொரிகாவா எழுந்து, அன்று வளைந்ததைவிடக் கீழே வளைந்தார். "ஆனால் அன்வர்-சான் பெயரை டோக்கியோவுக்கு நேற்று மாலையே அனுப்பிவிட்டேன்."

கோவிலில் கண்ணை மூடி நின்றபோது முடிந்துபோயிருந்தது ஒரு ஆட்டம் இல்லை, இரண்டு.

நெடுஞ்செழியனின் வீட்டு வாசலில் அன்வரின் கார் நின்றிருந்தது. மகனுடைய கேமிலிருந்து நேராக வந்திருந்தான், ஷூவெல்லாம் புல். நெடுஞ்செழியன் காரை விட்டு இறங்கும் முன்பே அன்வர் பேசத் தொடங்கினான்.

"கெட்ட செய்தியை முதல்ல சொல்றேன். போஸ்ட் எனக்கு. உனக்கு இல்ல. மொரிகாவா இப்பத்தான் போன் பண்ணாரு. வேற யாரு வாயிலயும் நீ கேட்கக்கூடாதுன்னு ஓடி வந்தேன்."

"தெரியும்டா."

"இப்ப ரெண்டாவது. டெஸ்டிங்ல ஒரு லீட் போஸ்ட் இருக்கு, அதுக்கு உன் பேரைக் கேட்டேன். ஒத்துக்கிட்டாரு. மேனேஜர் கிடையாது, எனக்குக் கீழதான். ஆனா விசாவுக்கு ஒண்ணும் ஆகாது, வெண்பா இங்கயே ஸ்கூலை முடிக்கலாம். ஒரே கண்டிஷன். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் நீ எழுதணும். சிவப்புன்னா சிவப்பு."

நெடுஞ்செழியனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது, அவமானமாகவும் இருந்தது. அன்வர் அவன் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

உள்ளே யாமினி சாப்பாட்டு மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெண்பா.

"வேலை அன்வருக்கு" என்றான், ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே. "நான் இனிமே அவனுக்குக் கீழ. டீமும் கீழ போயிடுச்சு. உனக்கு பதினெட்டு தடவை உடம்பு சரியில்லன்னு சொன்னது நான்தான். வடையெல்லாம் தின்னதும் நான்தான்."

"வெயிட், ஆல் ஆஃப் தெம்?" என்றாள் வெண்பா.

யாமினி கட்டியிருந்த கையைப் பிரித்தாள்.

"ஏங்க, வாரா வாரம் எனக்காக யாரோ ஒரு மனுஷன் பழம் அனுப்பிருக்காரு. ஒரு தேங்க்ஸ் சொல்லக்கூட விடாம பண்ணிட்டீங்களே" என்றாள். மேனேஜர் பதவி போனதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவனோடு பேசவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், கோவிலில் படைத்துத் திரும்பி வந்த மாலையிலிருந்து வடைகளை உருவி டப்பாவில் போட்டு, "இது ஒரு வாரம் கெடாது" என்று அவன் லேப்டாப் பை பக்கத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நெடுஞ்செழியன் ஆபீஸில் உட்கார்ந்து ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டைத் திறந்தான். பச்சைக் கட்டத்தின் மேல் மவுஸை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். இந்த மெயிலைப் படித்துவிட்டு டோக்கியோவில் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. மாற்றினான், கீழே நாலு வரி அடித்து, மொரிகாவாவுக்கும் அன்வருக்கும் டோக்கியோவுக்கும் சேர்த்து அனுப்பினான்.

"பிரேக் டெஸ்டிங் ப்ராஜெக்ட்: சிவப்பு. ஆறு வாரம் தாமதம். காரணம் நான். காபி மெஷின் பக்கத்தில் வடை வைத்திருக்கிறேன், எல்லோரும் எடுத்துக்கொள்ளவும்."